நிழலை வெட்டிப் பரிசாக்கலாம் – வாசகர் கேள்வி பதில்

கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டிய பக்கவாட்டு முகம், அதாவது நிழலுருவப் படம், வீட்டிலேயே செய்து பரிசாகக் கொடுப்பது பற்றிப் புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

லாஸ்பேட்டை வாசகி: மாமனார், மாமியாருக்கு அறுபதாம் கல்யாணம். பேரப்பிள்ளைகள் மூன்று பேரின் நிழலுருவத்தையும் ஒரே பிரேமில் போட்டுக் கொடுக்க ஆசை. பத்து நாள்தான் இருக்கிறது. எனக்கு வரையவே வராது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

வரைய வரவேண்டாம். கத்தரிக்கோலை நிதானமாகப் பிடிக்க வந்தால் போதும். பத்து நாள் தாராளம். ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே முடித்துவிடலாம்.

முதலில் படம். காலை ஒன்பது, பத்து மணிக்கு வாசல் கதவைத் திறந்து வையுங்கள். பிள்ளையை வாசலுக்கு உள்பக்கம் ஸ்டூலில் பக்கவாட்டாக உட்காரவைத்து, நீங்கள் ஏழெட்டு அடி தள்ளி வீட்டுக்குள் இருங்கள். செல்போன் பிள்ளையின் காது உயரத்தில் இருக்கவேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் நெற்றி பெருத்து மோவாய் சிறுத்துவிடும். கிட்டப் போகாமல் இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். திரையில் வெளி வெளிச்சம் தெரியும் இடத்தை விரலால் தொட்டால் முகம் கறுத்துப் போகும். மற்ற நேரத்தில் நாம் திட்டுகிற அந்தக் கோளாறுதான் இங்கே வேண்டியது. ஸ்டூல் இருந்த இடத்தையும் நீங்கள் இருந்த இடத்தையும் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, மூன்று பேரையும் அதே இடத்தில், அதே ஜூமில் எடுங்கள். அப்போதுதான் பெரியவன் பெரியவனாகவும் சின்னவள் சின்னவளாகவும் வருவார்கள். வாய் மூடியிருக்கட்டும், பல்லைக் கடிக்கவேண்டாம். ஆளுக்குப் பத்துப் படமாவது எடுத்து வையுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் சாதாரண ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையாகப் பிரின்ட் போதும். 8க்கு 12 அங்குல பிரேமைப் படுக்கைவாட்டில் வைத்தால், மூத்த பிள்ளைக்கு உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை 7 செ.மீ. வரட்டும். மற்ற இருவருக்கும் அதே சதவீதத்தைச் சொல்லுங்கள். தனித்தனியாகச் ‘சரியான அளவில்’ போடச் சொன்னால் மூன்று தலையும் ஒரே அளவில் வந்து நிற்கும்.

பிரின்டைக் கறுப்பு சார்ட் பேப்பரின் மேல் வைத்து, முகத்துக்கு வெளியே நாலைந்து இடத்தில் ஸ்டேப்ளர் அடித்து, இரண்டையும் சேர்த்தே வெட்டுங்கள். முதலில் உருவத்தைச் சுற்றி ஒரு செ.மீ. விட்டுத் தோராயமாக வெட்டி எடுங்கள். பிறகு முகத்தை வெட்டுங்கள். நெற்றியில் தொடங்கி மூக்கு, உதடு, மோவாய், தொண்டை. தலைமுடியும் பின்கழுத்தும் கடைசியில். காரணம் உண்டு: முகம் பிசகினால் அந்தத் தாள் வீண், அது இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடட்டும், பின்னலை அரைமணி நேரம் வெட்டி முடித்த பிறகு தெரியவேண்டாம்.

கத்தரிக்கோல் சிறியதாக, நுனி கூராக இருக்கட்டும். நுனியால் வெட்டாதீர்கள், அலகின் அடிப்பகுதியால் வெட்டினால்தான் கோடு வழுக்கிக்கொண்டு போகும். கத்தரிக்கோல் பிடித்த கை அசையக்கூடாது, தாளைத்தான் திருப்பவேண்டும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் உள்ள மூலையில் கத்தரிக்கோலைத் திருப்ப முயன்றால் தாள் கிழியும். மூக்குப் பக்கமிருந்து ஒரு வெட்டு, உதட்டுப் பக்கமிருந்து ஒரு வெட்டு, இரண்டும் மூலையில் சந்திக்கட்டும்.

கழுத்தை நேர்கோட்டில் வெட்டி முடிக்காதீர்கள். அறுபதாம் கல்யாண வீட்டில் அந்தத் தலையைப் பார்த்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்கள் சுளிப்பதில் தப்பும் இல்லை. பின்கழுத்திலிருந்து தோள் வரை இறங்கி, அங்கிருந்து உள்நோக்கி வளைந்து, மார்புக்கு மேலே கூராக முடிகிற ஒரு வளைவு கொடுங்கள். பழைய நாணயங்களில் ராஜா, ராணி தலைகள் முடிகிற மாதிரி.

ஒட்டுவதற்கு ஐவரி அல்லது இளஞ்சந்தன நிறத் தாள். புதுச்சேரியில் இருந்துகொண்டு வேறெங்கும் தேடவேண்டாம்; ஆசிரமத்தின் கைத்தயாரிப்புத் தாளோ ஆரோவில் தாளோ ஒன்று வாங்கினால் பரிசின் தரமே மாறிவிடும். மூன்று பேரும் ஒரே திசையைப் பார்க்க, கடைக்குட்டி முன்னால். முகத்துக்கு முன்னால் விடும் இடம் பின்னந்தலைக்குப் பின்னால் விடுவதைவிட அதிகமாகவும், கீழ் ஓரம் மேல் ஓரத்தைவிடச் சற்று அகலமாகவும் இருக்கட்டும்.

பிரேமை விட்டால் மற்றதெல்லாம் சேர்த்து நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் அடங்கும்.

மஞ்சக்குப்பம் வாசகர்: நீங்கள் சொல்வதைப் போலத்தான் என் மனைவியின் படத்தை வைத்து வெட்டினேன். அழகாக வந்திருக்கிறது, ஆனால் அவள் மாதிரி இல்லை. யாரோ ஒரு பெண் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். வெட்டினதை அனுப்பியிருந்தால் விரல் வைத்துக் காட்டியிருப்போம். இல்லாததால் தப்பு ஒளிந்திருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் தலை உச்சியிலிருந்து மோவாய் வரை ஏறக்குறைய 22 செ.மீ. நீங்கள் வெட்டுவது 8 செ.மீ. அப்படியானால் உங்கள் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ முகத்தில் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர். மூக்கு மூன்று மில்லிமீட்டர் நீண்டால் அது வேறு ஆள்தான். பென்சில் கோட்டின் பருமனே அரை மில்லிமீட்டருக்கு மேல் வரும். கோட்டுக்கு வெளியே வெட்டுகிறவர்கள் மூக்கு, உதடு, மோவாய் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் பெருக்குகிறார்கள். கூடவே அவற்றுக்கு நடுவிலுள்ள பள்ளங்களையும் தூர்த்துவிடுகிறார்கள். கோடு போட்டால் கோடு தாளில் மிஞ்சாதபடி உள்விளிம்பில் வெட்டுங்கள்.

இரண்டாவது, தலை முழுசாகப் பக்கவாட்டில் இல்லாமல் இருந்திருக்கலாம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் பக்கத்துக் கண்ணின் இமைமுடியோ புருவமோ துளி எட்டிப் பார்த்தால் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். நாலைந்து டிகிரி திரும்பினாலே மூக்கின் நீளம் குறைந்து, கன்னம் கோட்டுக்குள் வந்துவிடும். வேறு படம் எடுப்பதைத் தவிர இதற்கு வைத்தியம் இல்லை.

மூன்றாவது இடம் மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளம். சிலருக்கு அது ஆழமாக இருக்கும், சிலருக்கு நெற்றியிலிருந்து மூக்கு ஒரே சரிவாக இறங்கும். வெட்டும்போது கை தன்னையறியாமல் எல்லோருக்கும் ஒரே மிதமான பள்ளத்தைப் போட்டுவிடும். அடுத்தது உதடுகள். மேலுதடும் கீழுதடும் இரண்டு தனி மேடுகள், நடுவே ஒரு சின்ன வெட்டு. அவசரத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே வீக்கமாகிவிடும். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவிலுள்ள பள்ளமும் அப்படியே காணாமல்போகும்.

கடைசியாக ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள்: மோவாய்க்குக் கீழே இருந்த சதையை அழகுக்காகச் செதுக்கிவிட்டீர்களா? நிறையப் பேர் அன்பினால் செய்கிற காரியம் அது. நிழலுருவத்தில் கண் இல்லை, சிரிப்பு இல்லை, நிறம் இல்லை. அடையாளம் சொல்வது அந்த ஒரு ஓரக்கோடு மட்டும்தான். அதில் கைவைத்தால் ஆள் மாறிப்போவார். பின்னந்தலையையும் கவனியுங்கள். முகத்தை மட்டும் பார்த்து வெட்டினால் மண்டை தட்டையாகிவிடும். காதிலிருந்து பின்னந்தலை வரை உள்ள தூரம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

சோதித்துப் பார்க்க வழி: வெட்டியதை வெள்ளைத் தாளில் வைத்து ஆறடி தள்ளி நின்று, வீட்டில் ஒரு சின்னப் பிள்ளையிடம் ‘யாரு இது?’ என்று கேளுங்கள். பெரியவர்கள் உங்கள் மனம் நோகக்கூடாது என்று பொய் சொல்வார்கள்.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை: ஆண்டு விழாவுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரும் தங்கள் நிழலுருவத்தைப் பெற்றோருக்குத் தரவேண்டும் என்று திட்டம். எல்லோரையும் போட்டோ எடுத்து பிரின்ட் போட வசதியில்லை. சுவரில் நிழல் விழவைத்து வரைந்து பார்த்தோம், ஓரம் மங்கலாக வருகிறது, தலையும் பூசணிக்காய் மாதிரி ஆகிறது. என்ன செய்யலாம்?

விளக்கு மாற்றவேண்டும், தூரமும் மாற்றவேண்டும்.

ஓரம் மங்குவது விளக்கின் அகலத்தால். ஆறு செ.மீ. அகலமுள்ள பல்பை பிள்ளையிலிருந்து எட்டடி தள்ளி வைத்து, தலைக்கும் சுவருக்கும் 20 செ.மீ. இடைவெளி இருந்தால், நிழலின் ஓரத்தில் அரை செ.மீ. அகலத்துக்கு ஒரு சாம்பல் பட்டை விழும். எந்த இடத்தில் கோடு போடுவது என்று யாராலும் சொல்லமுடியாது. அதே இடத்தில் செல்போன் டார்ச்சை வையுங்கள். அதன் ஒளி வரும் புள்ளி அரை செ.மீ.க்கும் குறைவு, சாம்பல் பட்டை அரை மில்லிமீட்டருக்குள் ஒடுங்கிவிடும். டியூப்லைட் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, மற்ற விளக்குகளையும் அணைத்து, ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

தலை பெருப்பது விளக்கு கிட்டத்தில் இருப்பதால். விளக்கு தலையிலிருந்து 250 செ.மீ., சுவர் தலையிலிருந்து 20 செ.மீ. என்றால் நிழல் நிஜத்தைவிட எட்டு சதவீதம்தான் பெரிதாகும். விளக்கை இரண்டடிக்குக் கொண்டுவந்தால் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். பிள்ளையின் தோள் சுவரைத் தொடும்படி உட்காரவைத்தாலே தலை சரியான தூரத்தில் வந்துவிடும். டார்ச், பிள்ளையின் காது, தாளின் நடு மூன்றும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். டார்ச் கீழே இருந்தால் நிழல் மேலே இழுபட்டு முகமே நீண்டுபோகும்.

பத்து வயதுப் பிள்ளை இரண்டு நிமிடம் அசையாமல் இருப்பது பெரிய காரியம். எதிரே தூணில் அதன் கண் உயரத்துக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, அதையே பார்க்கச் சொல்லுங்கள். வரைகிறவர் நெற்றியிலிருந்து மோவாய் வரை முதலில் முடித்துவிடவேண்டும்; அதற்குப் பிறகு பிள்ளை அசைந்தாலும் தலைமுடியைச் சமாளித்துக்கொள்ளலாம். வரையும் கையின் நிழல் தாளில் விழாதபடி பிள்ளையின் பின்னந்தலைப் பக்கம் நின்று, கையை நீட்டி வரையுங்கள். இந்தத் தொல்லை பழையது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் லவாட்டர் என்பவர் இதற்கென்றே ஒரு நாற்காலியை விளக்கியிருக்கிறார்: ஆளுக்கும் வரைகிறவருக்கும் நடுவே ஒளி ஊடுருவும் தாள் திரை, விளக்கு ஆளின் பக்கம், வரைகிறவர் திரையின் மறுபக்கம். வகுப்பறையில் கண்ணாடி ஜன்னல் இருந்தால் உங்களாலும் முடியும். மெல்லிய தாளைக் கண்ணாடியில் ஒட்டி, பிள்ளை உள்ளே, நீங்கள் தாழ்வாரத்தில். மாலை இருட்டின பிறகுதான் இது சரிப்படும்.

தாள் கணக்கு: ஒரு முழு சார்ட் 22க்கு 28 அங்குலம். நாலாக மடித்து வெட்டினால் ஒரு துண்டு 28க்கு 35.5 செ.மீ.; பிள்ளையின் தலையும் கழுத்தும் அதில் அடங்கும். 40 பேருக்குப் பத்து வெள்ளை சார்ட். மாதக் காலண்டரின் பின்பக்கம் இருந்தால் அந்தச் செலவும் மிச்சம். வரைந்த பென்சில் கோட்டின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஓட்டி, ஏ3 ஜெராக்ஸ் மெஷினில் 50 சதவீதமாகச் சுருக்குங்கள். இப்போது ஒவ்வொன்றும் 14க்கு 18 செ.மீ.க்குள் வந்துவிடும். ஒரு கறுப்பு சார்ட்டை 16 துண்டாக வெட்டலாம். மூன்று சார்ட் வாங்கினால் 48 துண்டு, பாழாவதற்கும் எட்டு இருக்கிறது.

வெட்டுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். சிலருக்கு மூக்கு போய்விடும். அதற்குத்தான் அந்த எட்டு.

நெல்லித்தோப்பு வாசகி: சுபகாரியத்துக்குக் கறுப்புப் படம் கொடுக்கக்கூடாது என்கிறார் என் அத்தை. என்ன சொல்லி அவரைச் சம்மதிக்க வைப்பது?

சம்மதிக்க வைக்கவேண்டாம், நிறத்தை மாற்றிவிடுங்கள். நிழலுருவத்துக்குக் கறுப்பு என்று சட்டம் எதுவும் இல்லை. உருவத்துக்கும் பின்னணிக்கும் நடுவே அடர்த்தி வித்தியாசம் இருந்தால் போதும். அரக்கு நிறத் தாளில் வெட்டிச் சந்தன நிறத்தில் ஒட்டினால் பட்டுப்புடவை வீட்டுக்கு ரொம்பப் பொருத்தம். கரும்பச்சை, மயில்நீலம் கூட நன்றாக இருக்கும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்; ஓரம் அப்போதும் பளிச்சென்று பிரிந்து தெரிந்தால் சரி. சிவப்பும் ஆரஞ்சும், பச்சையும் நீலமும் என்று சேர்த்தால் கண்ணைப் பாதி மூடியதுமே இரண்டும் கலந்துவிடும்.

கணவன் மனைவி ஜோடி என்றால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவேண்டும். இருவரும் ஒரே திசை பார்த்த படம்தான் கையில் இருக்கிறதா? ஒருவருக்கு மட்டும் பிரின்டைத் தாளின் பின்பக்கத்தில் வைத்து வெட்டித் திருப்பிப் போடுங்கள், திசை மாறிவிடும். ஆனால் வகிடும் புடவைத் தலைப்பும் பக்கம் மாறும் என்பதை மறக்காதீர்கள். அத்தை கண்டுபிடித்துவிடுவார்.

வில்லியனூர் வாசகி: அம்மாவுக்குக் கொண்டை, மல்லிகைப்பூ, ஜிமிக்கி, மூக்குக்கண்ணாடி எல்லாமே உண்டு. இவை இல்லாமல் அம்மாவை நினைத்தே பார்க்கமுடியாது. கறுப்பில் இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே நிற்பது மட்டும்தான் தெரியும். கொண்டை தெரியும். பூவைக் கொண்டையைச் சுற்றி வைத்தால், கொண்டையின் மேல்விளிம்பில் சின்னச் சின்ன மேடுபள்ளமாக வரும். எல்லா மொட்டையும் வெட்டாதீர்கள். ஒரே அளவு பற்களாக வெட்டினால் ரம்பம் மாதிரி ஆகிவிடும். பெரிது, சிறிது, ஒரு இடத்தில் இரண்டு மொட்டு ஒட்டினமாதிரி, ஒரு இடத்தில் காம்பு நீட்டினமாதிரி, ஏழெட்டு போதும், பார்க்கிறவர் கண் மீதியைப் பூர்த்திசெய்துகொள்ளும்.

ஜிமிக்கி கன்னத்துக்கும் கழுத்துக்கும் மேல் விழுவதால் கறுப்புக்குள் மறைந்துபோகும். ஒட்டுவதற்கு முன்பே கூரான கட்டரால் அந்த இடத்தில் ஜிமிக்கியின் வடிவத்தைத் துளையாக வெட்டி எடுத்துவிடுங்கள். அடித்தாளின் நிறம் உள்ளே தெரியும். மூக்குத்திக்கு ஊசித்துளை ஒன்று. ஆனால் துளைகள் இரண்டு மூன்றோடு நிற்கட்டும். காது, கண், புருவம் என்று வெட்டிக்கொண்டே போனால் அது நிழலாக இருக்காது.

மூக்குக்கண்ணாடிதான் சிக்கல். மூக்குக்கு முன்னால் நீட்டும் கண்ணாடியின் விளிம்பை ஒன்றரை மில்லிமீட்டர் நீட்டலாக வெட்டிக் காட்டலாம், ஆனால் ஒட்டும்போது ஒடியும். எங்கள் யோசனை: முகத்தைக் கண்ணாடி இல்லாமல் முழுசாக வெட்டி ஒட்டிவிடுங்கள். உலர்ந்த பிறகு, வெளியே நீட்டும் பகுதியை மட்டும் மெல்லிய கறுப்பு ஜெல் பேனாவால் அடித்தாளில் வரைந்துவிடுங்கள். இமைமுடிக்கும் இதே வழிதான்.

பண்ருட்டி வாசகி: எட்டு மாதக் கைக்குழந்தைக்கு எப்படி எடுப்பது? உட்காரவைத்தால் கேமராவைத்தான் பார்க்கிறது.

தூங்கும்போது எடுங்கள். வெள்ளை விரிப்பில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் நேரம் பார்த்து, செல்போனைப் படுக்கைக்கு இணையாக, நேர் மேலே பிடித்து எடுங்கள். போனில் கயிறு இருந்தால் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். பின்வெளிச்சம் இல்லாததால் உருவம் கறுக்காது; பிரின்ட் எடுத்து ஓரத்தை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்துகொள்ளவேண்டும்.

கைக்குழந்தை முகத்தைப் பெரியவர் முகம்போல் வெட்டிவிடுவதுதான் இதில் வழக்கமான தப்பு. நெற்றி முன்னால் புடைத்திருக்கும், மூக்கு சின்னதாக, நடுவில் குழிந்து, நுனி மேலே தூக்கியிருக்கும். மேலுதடு கீழுதட்டின் மேல் குடைபிடிக்கும், மோவாய் உள்வாங்கியிருக்கும். இந்த நாலும் இருந்தால்தான் அது குழந்தை. பெற்றோருடன் சேர்த்து வைப்பதென்றால் குழந்தையின் தலையைப் பெரியவர் தலையில் முக்கால் பங்குக்கு மேல் பெரிதாக்கவேண்டாம். முதல் மொட்டைக்கு நாள் குறித்திருந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், உச்சியில் நிற்கும் அந்த நாலு முடி திரும்பக் கிடைக்காது.

முத்தியால்பேட்டை வாசகர்: காலமான அப்பாவின் நிழலுருவத்தை அம்மாவுக்குச் செய்து தர விருப்பம். இருப்பதெல்லாம் நேராகப் பார்க்கும் படங்கள். அதை வைத்துப் பக்கவாட்டு முகம் செய்யமுடியுமா?

முடியாது. நேர் படத்தில் மூக்கு எவ்வளவு நீண்டிருக்கிறது, நெற்றி எவ்வளவு சரிகிறது என்ற விவரமே இல்லை. ஊகித்து வெட்டினால் அம்மாவுக்கு முதல் பார்வையிலேயே தெரியும், அந்த வருத்தத்தை நாம் பரிசாகக் கொடுத்தமாதிரி ஆகும்.

ஆனால் தேடாமல் விட்டுவிடாதீர்கள். கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள். தாலி கட்டும்போது, மாலை மாற்றும்போது, அம்மி மிதிக்கும்போது யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை. அங்கே நல்ல பக்கவாட்டு முகம் கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் காதுகுத்து, அக்கா கல்யாணம், கிருகப்பிரவேச வீடியோ இருந்தால் அதையும் ஓட்டிப் பாருங்கள். புரோகிதரைப் பார்த்துத் திரும்பிய ஒரு நொடி போதும். திரையை நிறுத்திப் படம் எடுத்தால் மங்கலாகத்தான் வரும், நமக்கு ஓரம் மட்டும்தானே வேண்டும்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால் முழு உருவத்தை வெட்டுங்கள். ஈசிசேரில் பேப்பர் படிப்பது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது, தோளில் துண்டு, கையில் குடை. பத்து செ.மீ. உயர முழு உருவத்தில் முகம் ஒன்றரை செ.மீ.தான், அங்கே ஆளைச் சொல்வது முதுகின் வளைவும் வேட்டியை மடித்துக் கட்டிய விதமும். அதற்கான படம் எல்லோர் வீட்டிலும் இருக்கும்.

தேவனாம்பட்டினம் வாசகி: போன வருடம் செய்த படம் மழைக்காலத்தில் அலை அலையாகச் சுருங்கிவிட்டது. ஓரத்தில் பூஞ்சையும் பிடித்துவிட்டது. கடற்கரை வீட்டுக்கு இது ஒத்துவராதா?

ஒத்துவரும். மூன்று இடத்தில் கவனம் வேண்டும்: பசை, கண்ணாடி, சுவர்.

வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம். தடவியதும் தாள் நனைந்து விரிகிறது, உலரும்போது சுருங்குகிறது. உருவமும் அடித்தாளும் ஒரே அளவில் சுருங்காததால் அலை விழுகிறது. பசைக்குச்சி போதும். உருவத்தின் பின்பக்கம் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவி, முதலில் முகத்தைப் பொருத்தி, பிறகு கழுத்தை அழுத்துங்கள். மேலே ஒரு வெள்ளைத்தாள், அதன்மேல் கனமான புத்தகங்கள், ஓர் இரவு. மைதாப் பசை வேண்டாம். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அதற்காகவே வரும். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், பிள்ளைகள் புழங்கும் வீட்டில் கலக்கவேண்டாம்.

தாள் பிரேம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் நடுவில் சிக்கி அங்கேதான் முதலில் பூஞ்சை பிடிக்கும். பிரேம் கடையில் மவுண்ட் வைத்துப் போடச் சொல்லுங்கள். நடுவில் ஜன்னல்போல் வெட்டிய அந்தத் தடித்த அட்டை தாளுக்கும் கண்ணாடிக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கொடுக்கும். பின்பக்கத்தை பிரவுன் டேப்பால் முழுக்க அடைத்துவிட்டு, கீழ் மூலைகள் இரண்டிலும் பாட்டில் கார்க்கில் ஒரு வில்லை ஒட்டுங்கள், பிரேம் சுவரில் ஒட்டாமல் காற்று போகும். மழைச் சாரல் அடிக்கிற வெளிச்சுவரின் உள்பக்கத்தில் மாட்டவேண்டாம், நடுச்சுவர் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் புதிதாக ஒட்டவும் வேண்டாம். ஒட்டியே ஆகவேண்டுமென்றால் தாள்களை இஸ்திரிப்பெட்டியால் மிதமான சூட்டில் ஒரு தரம் ஓட்டி, ஈரம் போனதும் ஒட்டுங்கள்.

இன்னொன்று: சாதாரணக் கறுப்பு சார்ட் வெயில் படும் இடத்தில் ஓரிரு வருடத்தில் பழுப்பேறிவிடும். நீண்டநாள் இருக்கவேண்டிய பரிசு என்றால் கைத்தயாரிப்புத் தாளின் இரண்டு பக்கமும் கறுப்பு அக்ரிலிக் வண்ணம் பூசி, உலர்த்தி, அதில் வெட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும். சார்ட்டிலேயே வெட்டினீர்கள், விளிம்பில் வெள்ளை தெரிகிறது என்றால், உருவத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமாக விளிம்பைக் கறுப்பு மார்க்கரால் ஒற்றி எடுங்கள்.

ராஜ்பவன் பகுதி வாசகர்: செல்போன் ஆப்பிலேயே கறுப்பாக்கி பிரின்ட் போட்டுவிட்டால் என்ன? எதற்கு இந்தக் கத்தரிக்கோல் வேலை?

போடலாம். அவசரத்துக்குக் குற்றமில்லை. ஆனால் பின்னணியைத் தானாக நீக்கும் ஆப்கள் முதலில் தின்பது தலைமுடியையும் உதட்டு நடுவிலுள்ள வெட்டையும்தான், ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பிரின்ட் கறுப்பில் தாளின் விளிம்பும் அதன் மெல்லிய நிழலும் இருக்காது. கிட்டத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆப்பில் கறுப்பாக்கி, அதை அச்சாக வைத்து வெட்டுவதுதான் எங்கள் சிபாரிசு.

கடலூர் முதுநகர் வாசகி: ஒரே உருவத்தில் ஆறு பிரதி வேண்டும், சித்தப்பா, அத்தை எல்லோருக்கும். அடுக்கி வைத்து ஒரே வெட்டில் எடுக்கலாமா?

மூன்று தாள் வரை எடுக்கலாம். அதற்கு மேல் அடுக்கினால் அடித்தாள் நகர்ந்து, கடைசிப் பிரதி யாரும் கேட்காத உறவினர் ஒருவரைப்போல் வரும். மூன்று மூன்றாக இரண்டு தரம் வெட்டுங்கள். ஸ்டேப்ளர் முள்கள் உருவத்துக்கு வெளியே, ஆனால் மூக்குக்கு முன்னாலும் மோவாய்க்குக் கீழும் கிட்டத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் வெட்டி முடிந்து முள் கழன்றதும் அடுக்கு தளரும் என்பதால் பின்னந்தலைப் பக்கத்து முள்களைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

ஏழாவதாக ஒன்று வெட்டி வீட்டில் வையுங்கள். டன்கர்க்கில் பிறந்த ஒகுஸ்த் எதுவார் (1789–1861) என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதையே தொழிலாகச் செய்தவர். தாளை இரண்டாக மடித்து வெட்டி, ஒன்றை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு, மற்றதைப் பெயர், தேதி எழுதி ஆல்பத்தில் ஒட்டி வைப்பார். 1849இல் ஐரோப்பாவுக்குத் திரும்பும்போது கப்பல் விபத்தில் அந்த ஆல்பங்களில் பெரும்பகுதி போய்விட்டது. தப்பியவற்றில் இருப்பவர்கள் யார் என்று இன்றைக்கும் சொல்லமுடிவதற்குக் காரணம் அவர் எழுதி வைத்த குறிப்புகள். நீங்களும் ஒட்டும் முன்பே பின்பக்கத்தில் பெயர், வயது, ஊர், தேதி எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறி வெளியே தெரியும்.

அரியாங்குப்பம் வாசகர்: காரைக்காலில் இருக்கும் நண்பருக்குக் கூரியரில் அனுப்பவேண்டும். கண்ணாடி பிரேம் உடையாமல் போகுமா?

பிரேமை அனுப்பாதீர்கள். ஒட்டிய தாளை மட்டும் அதைவிட இரண்டு செ.மீ. பெரிய அட்டைகள் இரண்டின் நடுவில் வைத்து, நாலு மூலையிலும் தாளால் முக்கோணப் பை செய்து செருகுங்கள்; டேப் தாளின் மேல் படக்கூடாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் வாயை ஒட்டி, அதன்மேல் அட்டையைச் சுற்றுங்கள். வழக்கமான அளவில், 5க்கு 7 அல்லது 8க்கு 10 அங்குலத்தில் செய்திருந்தால் அவர் அங்கேயே ரெடிமேட் பிரேம் வாங்கிப் போட்டுக்கொள்வார்.